தாயில்பட்டி டிராக்டர்

ஆமத்தூர்
4-8-1957

மாப்பிள்ளை கருப்பணனுக்கு மாமா சோலைமலை எழுதுவது. நானும் உன் அத்தையும் வீரலட்சுமியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். ஆடி பாதி போய்விட்டது, ஒரு தூறல் இல்லை.

காரியம் இது. தாயில்பட்டியில் சங்கரபாண்டியன் என்று ஒரு முதலாளி வெடிக் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் ஷெட்டில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. சாம்பல் நிறம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வகை. தண்ணீர் இழுக்க வாங்கினாராம். மருந்து கிடக்கிற இடத்துக்குள் புகைக்குழாய் வண்டி நுழையக் கூடாது என்று சோதனைக்கு வந்த அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக நின்ற இடத்தில் நிற்கிறது. எஞ்சினில் கோளாறு உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரு ஜோடி காளை வாங்குகிற விலைகூட அவர் கேட்கவில்லை.

வாங்கிச் செப்பனிட்டால் தேறுமா, தேறாதா? நீ அந்த வேலையிலேயே ஆறு வருஷம் இருப்பவன். பத்து வயதில் அப்பனும் ஆத்தாளும் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்தாய். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. நாளைக்கு வீரலட்சுமியோடு இங்கே குடித்தனம் நடத்தி இந்தப் பதினோரு ஏக்கரையும் உழப் போகிறவன் நீதான். ஆகையால் உனக்கே வாங்குவதாக நினைத்து யோசித்து எழுது.

இப்படிக்கு,
சோலைமலை

கோயம்புத்தூர்
11-8-1957

மாமா அவர்களுக்குக் கருப்பணன் வணக்கம். நான் நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா? செவலைக் காளையின் கொம்பில் இருந்த புண் ஆறியதா? வீரலட்சுமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

வண்டியைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள்தான் எனக்காகப் பார்க்க வேண்டும். சொல்லாமல், காலையில் போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின்தான் உண்மையைக் காட்டும்.

பக்கவாட்டில் ஒரு கம்பி செருகியிருக்கும். அதை உருவினால் ஆயில் ஒட்டியிருக்கும். என்ன நிறம் என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் கொதிக்காமலே குமிழி விட்டால் அதையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஓட விட்டு, எத்தனை செம்பு தண்ணீர் குடித்தது என்று எண்ணுங்கள். மற்றவர் சொல்வதை எழுத வேண்டாம். கண்ணால் கண்டது போதும்.

தங்கள்,
கருப்பணன்

ஆமத்தூர்
1-9-1957

மாப்பிள்ளை கருப்பணனுக்கு. எல்லோரும் சுகம். செவலையின் புண் ஆறிவிட்டது. அத்தைக்கு வலி அப்படியேதான்.

போன வெள்ளிக்கிழமை காலை போனேன். முதலாளி பல் விளக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, வண்டியப் பாக்கணும்" என்றேன். "பாருங்க. பாக்குறதுக்கா காசு கேக்கப் போறேன்" என்றார். மூடியில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கம்பியை உருவினேன். நீ எழுதியபடி மோர்தான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உப்புப் போட்டா குடிச்சிறலாம்" என்றான்.

இரண்டு பேர் முன்னால் இருக்கிற கைப்பிடியை மாறி மாறிச் சுற்றிக் கிளப்பினார்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு செம்பு தண்ணீர் குடித்தது. "அண்ணாச்சி, இம்புட்டுத் தண்ணி குடிக்குதே?" என்றேன். "இந்த வெயில்ல நீங்க குடிக்கலையா?" என்றார். ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. சத்தம் சீராக இருந்தது. தட்டவில்லை, இருமவில்லை. கிளப்பியவர்களில் ஒருவன் ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினான். சக்கரம் மண்ணைப் பிடித்து நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது.

என்ன செய்ய?

சோலைமலை

கோயம்புத்தூர்
8-9-1957

மாமா அவர்களுக்கு வணக்கம். நலம். நீங்கள் பார்த்து எழுதியது போல எங்கள் வொர்க்ஷாப்பில் படித்த பையன்கள்கூட எழுத மாட்டார்கள்.

கோளாறு இரண்டில் ஒன்று. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே கேஸ்கட் என்று ஒரு தகடு உண்டு. அது போயிருந்தால் மாற்றிவிடலாம், இரண்டு நாள் வேலை. உடம்பே, அதாவது பிளாக் என்கிற வார்ப்பே வெடித்திருந்தால், வண்டி பழைய இரும்புதான். தலையைக் கழற்றாமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்ற விடுவாரா என்று கேளுங்கள். விடாவிட்டால், அவர் சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேளுங்கள். அதற்குத் தந்தால் வாங்குங்கள். சத்தம் சீராக இருந்தது என்று எழுதியதால்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு. கேஸ்கட்டும் மற்றச் சாமான்களும் நான் கொண்டுவருகிறேன். அதற்கு நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். அதுவரை யாரையும் எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள். வீரலட்சுமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

கருப்பணன்

ஆமத்தூர்
20-10-1957

மாப்பிள்ளை கருப்பணனுக்கு. சுகம். மழை நல்லபடியாக இறங்கிவிட்டது. பருத்தி ஊன்றியாயிற்று.

வண்டி வந்துவிட்டது. நீ சொன்ன விலைக்கே முடித்தேன். கழற்றிப் பார்க்க விடவில்லை. ஓட்டிக்கொண்டு வர நம்பிக்கை இல்லாமல் இரண்டு ஜோடி மாடு கட்டி, சிவகாசி வழியாக இழுத்து வந்தோம். விடியக் கிளம்பி மறுநாள் மத்தியானம் ஆயிற்று. வழியெல்லாம் பேச்சுத்தான். ஊர் எல்லையில் இருளம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மாட்டுக்கு ஓய்வு குடுக்கத்தான் டிராக்டரு வாங்கிருக்கீகளாக்கும்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் ஓலைச் சார்ப்பு போட்டு நிறுத்தியிருக்கிறேன். நீ தவறாமல் வர வேண்டும். உன்னை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன்.

சோலைமலை

கோயம்புத்தூர்
2-2-1958

மாமா அவர்களுக்கும் அத்தைக்கும் வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். லீவைக் காட்டிலும் இரண்டு நாள் கூடிப் போனதற்கு மேஸ்திரி இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான்.

கேஸ்கட்தான் போயிருந்தது. மாற்றியாயிற்று. தினமும் காலையில் ஆயில் கம்பியைப் பாருங்கள். வெயில் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உழ வேண்டாம். நிறுத்தி ஆற விடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் நான் வரும்வரை வடித்து மாற்ற வேண்டாம். சித்திரையில் மறுபடி வந்து ஒரு சின்ன வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கிளம்புகிற அன்று தட்டில் வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தீர்கள். ஊர்ப் பெரியவர் முத்துராமலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கெணறு வெட்டி முடிச்சவனுக்கு வைக்கிறதில்லையா, வண்டிச் சக்கரம் பூட்டுன ஆசாரிக்கு வைக்கிறதில்லையா? வாங்கிக்கோப்பா" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் என்ன வேற்றாளா, மாமா? வீட்டு வேலைக்கு வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அந்த மரியாதை? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அது கூச்சமாகவே இருந்தது.

சித்திரையில் நாள் பார்க்கலாம் என்று அத்தை சொல்லியிருந்தது. அதற்குத் தக்கபடி லீவு கேட்க வேண்டும். எழுதவும். வீரலட்சுமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

கருப்பணன்

ஆமத்தூர்
6-4-1958

சிரஞ்சீவி கருப்பணனுக்கு ஆசீர்வாதம். இங்கு சுகம். பருத்தி எடுப்பும் அலைச்சலுமாகப் பதில் எழுதப் பிந்திவிட்டது.

வண்டி நன்றாக ஓடுகிறது. கோடை மழை ஒன்று பெய்தது. ஆறு ஏக்கர் உழுதாயிற்று. மாடு கட்டினால் பத்து நாள் ஆகியிருக்கும். இருளம்மாளே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். பெயிண்ட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். சிவப்பா, பச்சையா, எது எஞ்சின் சூட்டுக்கு உரியாமல் நிற்கும் என்று எழுதவும். ஆயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்தக் கடையில் நல்லது கிடைக்கும் என்பதையும், புதிதாக ஓட்டுகிற ஒருவனுக்குப் புரியும்படி தனித்தாளில் எழுதி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சோலைமலை

ஆமத்தூர்
20-4-1958

மச்சானுக்கு வீரலட்சுமி எழுதுவது. சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

அய்யா உங்களுக்கு எழுதியிருக்கும் என்று இத்தனை நாள் இருந்தேன். நேற்று நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். "நான் வரும்போது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்போதுதான் அய்யா எழுதவில்லை என்று தெரிந்தது.

வைகாசி பதினாறில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலவநத்தம், பெயர் காசிராஜன். இரண்டு கிணறும் பதினெட்டு ஏக்கரும் இருக்கிறது. பேச்சு ஐப்பசியிலேயே வந்துவிட்டது. சீருக்கு ஓடுகிற டிராக்டர் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஓடுகிற டிராக்டர் வேண்டுமென்றால் நீங்கள் வர வேண்டும். உங்களுக்கு அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்.

அந்தத் தட்டு ஆசாரிக்கு வைக்கிற தட்டு இல்லை. முறைக்காரன் இருக்கையில் பெண்ணை வெளியே கொடுப்பதென்றால், பெரியவர் முன்னால் அவனுக்கு வேட்டியும் வெற்றிலையும் வைக்க வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால் முறை தீர்ந்தது. இது உங்களுக்கும் தெரிந்ததுதான். அன்றைக்குக் கை எல்லாம் கிரீஸோடு நின்றதால் உங்களுக்குத் தோன்றவில்லை. தட்டைக் கொண்டுவந்தது நான். "என்ன வீரு, எனக்கா வேட்டி?" என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், மச்சான். தெரிந்துதான் கொண்டுவந்தேன். அய்யா சொன்னது, ஆத்தா அழுதது என்று எழுதலாம். ஆனாலும் கொண்டுவந்தது நான்தான்.

இன்னொன்று. எஞ்சின் தலையைக் கழற்றிய அன்று, பிளாக்கில் இரண்டாவது ஓட்டைக்கும் மூன்றாவது ஓட்டைக்கும் நடுவே மயிரிழை போல விரிசல் இருந்ததைக் காட்டினீர்கள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற சிலிகேட் பசையைச் சிவகாசியில் வாங்கி வந்து தண்ணீரில் கரைத்து ஊற்றினீர்கள். "ஒரு வருசம் தாங்கும், அதுக்குள்ள வேற பிளாக்கு கொண்டாந்துருவேன். மாமாட்ட சொல்லாத, இப்பவே இரும்புக்குப் போட்ருவாரு" என்றீர்கள். நான் இன்றுவரை சொல்லவில்லை. வண்டி இப்போது அங்கே போகப் போகிறது. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா?

வீரலட்சுமி

கோயம்புத்தூர்
27-4-1958

மாமா அவர்களுக்குக் கருப்பணன் எழுதுவது. நலம்.

கல்யாணச் செய்தி தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். உங்கள் கடைசிக் கடிதத்தில் "மாப்பிள்ளை" என்று தொடங்கவில்லை. படித்தபோது கவனித்தேன். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் பெண்ணை வெளியே கொடுக்க விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். நிலம் இல்லாதவன், வொர்க்ஷாப்பில் கூலிக்கு இருப்பவன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். தட்டை வைத்து, இது இதற்காக என்று சொல்லியிருந்தால், நான் வாங்கியிருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. எதற்கு என்று தெரிந்து வாங்குவதுதான் முறை. அதைக் கூலி என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பெரியவரையும் அப்படிச் சொல்ல வைத்தீர்கள். பிப்ரவரியில் நான் அதையே கேட்டு எழுதினேன். நீங்கள் பெயிண்டின் நிறத்தைக் கேட்டு எழுதினீர்கள்.

வேட்டியைப் பார்சலில் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தேன். திருப்பினாலும் வாங்கியது வாங்கியதுதான்.

இப்போது வண்டி. இதை நான் தையிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேஸ்கட் மட்டும் போகவில்லை. பிளாக்கில் விரிசல் இருக்கிறது. அதைச் சிலிகேட் ஊற்றி அடைத்திருக்கிறேன். தண்ணீரை வடித்தாலோ, நாள் முழுக்க ஓட்டினாலோ விட்டுவிடும். நல்ல பிளாக் ஒன்றை ஏலத்தில் பிடித்து என் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சித்திரையில் வருவதாக இருந்தது அதை மாட்டத்தான். சொல்லாமல் மறைத்தது என் தப்பு. இப்போது சொல்லிவிட்டேன். பாலவநத்தத்துக்காரர்களிடம் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். தெரிந்து வாங்கினால் வாங்கட்டும்.

கருப்பணன்

ஆமத்தூர்
18-5-1958

கருப்பணனுக்கு. உன் கடிதம் கிடைத்தது. வயிற்றெரிச்சலில் எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அத்தைக்குக் காட்டவில்லை.

ஆறு ஏக்கர் உழுத வண்டி. ஒரு நாள் நிற்கவில்லை. நீ கையால் பூட்டி, "கேஸ்கட்தான் போயிருந்தது" என்று எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு விரிசல் என்கிறாய். எதை நம்ப? யாரைக் கேட்டாலும் முதல் கடிதத்தைத்தான் நம்புவார்கள்.

நீ வெற்றிலை வாங்கியதற்குப் பெரியவர் சாட்சி. ஊர் அறிந்த விஷயம். பத்து வயதிலிருந்து சோறு போட்ட வீட்டுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டாய் என்று நம்புகிறேன். கல்யாணத்துக்கு வந்தால் வா. மணமகனுக்கு இரண்டு நாள் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சோலைமலை

பாலவநத்தம்
12-10-1958

மதிப்பிற்குரிய அண்ணன் கருப்பணன் அவர்களுக்குக் காசிராஜன் வணக்கம். இங்கு நலம். தாங்கள் கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று மாமா சொன்னார். நேரில் பார்க்காமலே எழுதுவதற்கு மன்னிக்கவும்.

ஆமத்தூர் டிராக்டர் எங்களிடம் இருக்கிறது. ஆவணி வரை குறை இல்லாமல் ஓடியது. விதைப்புக்கு முன் சுத்தம் செய்யலாம் என்று பழைய தண்ணீரை வடித்துவிட்டு நல்ல கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. இப்போது ஆயில் மோர் போல இருக்கிறது. விதைப்பு நேரம். ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் நிற்கிறது. எங்கள் அண்ணன்மார், "மாமனாரு நல்லாத் தலையில கட்டிவிட்டாருடா" என்று சாப்பாட்டு நேரத்தில் வீரலட்சுமி காதுபடவே சொல்கிறார்கள். அவள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

மாமாவிடம் போய்க் கேட்டேன். "கருப்பணன் பூட்டுன வண்டி. ஒரு கொறையும் கெடையாதுன்னு கைப்பட எழுதிக் குடுத்துருக்கான்" என்று தங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார். தங்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். விலாசத்தை வீரலட்சுமி எழுதிக் கொடுத்தாள்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். இன்னும் செலவழித்துச் செப்பனிட்டால் இது தேறுமா? வழிச்செலவும் கூலியும் தருகிறேன். ஒருமுறை வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

காசிராஜன்

கோயம்புத்தூர்
19-10-1958

காசிராஜன் அவர்களுக்குக் கருப்பணன் வணக்கம். கடிதம் நேற்றுக் கிடைத்தது.

நான் வந்து பார்க்க வேண்டியதில்லை. பிளாக்கில், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறது. தை மாதம் நானே பார்த்தேன். சிலிகேட் ஊற்றி அடைத்தேன். தண்ணீரை வடித்ததும் அடைப்பு விட்டுவிட்டது. நீங்கள் செய்ததில் தவறு இல்லை, யாரும் அப்படித்தான் செய்வார்கள். கேஸ்கட்தான் என்று உங்கள் மாமாவுக்கு நான் எழுதியது பொய். அந்தக் கடிதத்தை அவர் காட்டினார் என்றால், அவர் காட்டியது சரி. உங்கள் அண்ணன்மாரிடம், மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் வேறு யாரையும் இதற்குக் கேட்க வேண்டாம்.

இந்த வண்டிக்குச் சேரும் பிளாக் ஒன்று என்னிடம் இருந்தது. வைகாசி முடிந்ததும் எடைக்குப் போட்டுவிட்டேன். இப்போது தேடினால் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மாட்டுகிற செலவுக்கு வண்டி பெறாது. போன வருஷம் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அப்போது சத்தம் சீராக இருக்கிறது என்பதை வைத்து, வாங்கலாம் என்று சொன்னேன். இப்போது கேட்டால், தேறாது. சக்கரங்களையும் டயரையும் தனியாக விற்றுவிடுங்கள். அவை நல்ல நிலையில் இருக்கின்றன.

மழைக்கு முன் விதைப்பு முடிய வேண்டுமென்றால் இரவல் மாடாவது பிடித்து நாளைக்கே ஏர் கட்டுங்கள். கூலியும் வழிச்செலவும் வேண்டாம். வேட்டி வெற்றிலை என்று எதையும் அனுப்பிவிட வேண்டாம்.

வீட்டில் நான் யாரையும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

கருப்பணன்